டப்பாவில் அடைத்த சக்தி



"மைட்டோகாண்டிரியா என்றால் என்ன?" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நீங்கள் விடை சொல்லிவிடுவீர்கள். "செல்லின் ஆற்றல் நிலையம்!" ஒரு மதிப்பெண் கேள்வி, ஒரு வரி விடை. அந்த ஒரு வரியை நம்பியதால் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார் என்று சொன்னால் நம்புவீர்களா? நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

வேளச்சேரியில் தண்டீஸ்வரர் கோயிலுக்கு அருகில் நான் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் 'வாத்தியார் தாத்தா'. அச்சில் வார்த்தாற்போன்ற கையெழுத்து அவருக்கு. சில ஆண்டுகளுக்கு முன் அந்த எழுத்து சிறுக்கத் தொடங்கியது. வரியின் தொடக்கத்தில் கடலை அளவு இருக்கும் எழுத்து, வரி முடிவதற்குள் கடுகாகிவிடும். பிறகு வலக்கை நடுங்கியது. நடக்கும்போது அந்தக் கை வீசவில்லை. "வயசாச்சு, வேறென்ன?" என்றார்கள் வீட்டில். ஒரு கல்யாண வீட்டில் அவர் கையிலிருந்த காப்பி சிந்தியதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அன்று முதல் அவர் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். "இது பார்க்கின்சன் நோய்" என்றார் அவர். நடுக்குவாதம் என்று நாம் சொல்வதுதான். மாத்திரை கொடுத்தார். தாத்தா மறுபடியும் கோயில் வரை நடந்து போய் வந்தார்.

அப்போதுதான் அந்த டப்பா வந்தது. "செல்லுக்குச் சக்தி தரும் பவுடர், நோயின் வேரையே அறுக்கும், மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லி யாரோ விற்றார்கள். விலையோ ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதி. வீட்டில் தயங்கினார்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தி டப்பாவை வாங்கிப் படித்துப் பார்த்தாள். "தாத்தா, இது உண்மைதான். மைட்டோகாண்டிரியான்னு போட்டிருக்கு. எங்க பாடத்துலயே இருக்கு!" என்றாள். மாத்திரை நின்றது, பவுடர் தொடங்கியது. சில நாட்களில் தாத்தாவின் உடல் கட்டையாக விறைத்தது. ஒரு நாள் விடியற்காலை குளியலறை வாசலில் கால் எழும்பாமல் விழுந்தார்.

"நான் படிச்சது தப்பா மாமா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். அவளுக்குச் சொன்ன விடையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அவள் படித்தது தப்பில்லை. டப்பாவில் இருந்த அந்தச் சொல்லும் பொய்யில்லை. ஆனால் ஒரு நோயின் காரணத்தை அறிவது வேறு. அதற்கு மருந்தை அறிவது வேறு. இரண்டுக்கும் நடுவே நீண்ட பாதை இருக்கிறது. அந்தப் பாதையை மறைப்பவர்கள்தாம் டப்பா விற்கிறார்கள்.

மேல்தொட்டியும் மோட்டாரும்

முதலில், ஆற்றல் நிலையம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போமா?

சென்னையில் அடுக்குமாடி வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தரைக்கடியில் சம்ப். மாடியின் மேல் தொட்டி. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அது குழாய் வழியாக இறங்கி வீடு வீடாக வருகிறது. இறங்கும் குழாயில் ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்க இறங்கச் சக்கரம் சுழலும் அல்லவா?

மைட்டோகாண்டிரியாவுக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. நாம் உண்ட உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் உள்சவ்வில் வரிசையாக அமைந்த புரதத் தொகுதிகள் வழியே கைமாறிக் கைமாறிச் செல்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு சில தொகுதிகள் புரோட்டான்களைச் சவ்வின் மறுபுறத்துக்கு ஏற்றுகின்றன. இவைதாம் மோட்டார்கள். இவற்றுள் முதல் மோட்டாருக்கு 'முதல் கூட்டமைப்பு' என்று பெயர். ஏற்றப்பட்ட புரோட்டான்கள் திரும்ப இறங்கும்போது ஒரு புரதச் சக்கரம் உண்மையாகவே சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது.

ஒரு நாளில் நம் உடல் ஆக்கிச் செலவழிக்கும் ஏ.டி.பி.யைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும். ஆனால் எந்த நேரத்திலும் கையிருப்பு கால் கிலோவைத் தாண்டாது. செலவாகச் செலவாக ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் 20 விழுக்காட்டைச் செலவழிக்கிறது.

மோட்டார் பழுதானால் யாருக்கு முதலில் தொல்லை? பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கா, ஓயாமல் தண்ணீர் செலவழிக்கும் வீட்டுக்கா? செலவழிக்கும் வீட்டுக்குத்தானே!

மூளையில் அப்படி ஓயாமல் செலவழிக்கும் வீடு ஒன்று உண்டு. நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு திட்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்தவுடன் கை எழுவதற்கும், நடை தடங்கலின்றி நடப்பதற்கும் அந்த டோபமின் வேண்டும். இந்த நரம்பணுக்களுக்கு ஓய்வே கிடையாது. யாரும் தூண்டாவிட்டாலும் விநாடிக்குச் சில முறை துடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே நுழையும் கால்சியத்தை வெளியேற்ற ஏ.டி.பி. செலவாகிறது. போதாதற்கு, மனித மூளையில் இத்தகைய ஒரே நரம்பணு தன் கிளைகளால் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை ஏற்படுத்துகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிளைகளை நீட்டி வைத்தால் 4 மீட்டருக்கு மேல் வருமாம்! இத்தனையையும் பேண வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு செல். ஆற்றல் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் வாடுவது அதுதான்.

இது எப்படித் தெரிந்தது?

இந்த நோயை 1817ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதிவிட்டார். ஆனால் ஆற்றல் குறைவுக்கும் இதற்கும் உள்ள உறவு 1982ஆம் ஆண்டில் எதிர்பாராத வகையில் வெளிப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர்கள் சிலர் திடீரென்று சிலைபோல் உறைந்து போயினர். பேச முடியவில்லை, அசைய முடியவில்லை. முதியவர்களுக்கு வரும் நோய் இளைஞர்களுக்கு ஒரே இரவிலா? வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துப்புத் துலக்கினார். அவர்கள் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள். அதில் எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. மூளைக்குள் சென்றதும் அது வேறொரு நஞ்சாக மாறி, டோபமின் செல்லுக்குள் புகுந்து, முதல் மோட்டாரை நிறுத்திவிடுகிறது!

1989ஆம் ஆண்டில் லண்டன் ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார்கள். நஞ்சு எதுவும் உட்கொள்ளாத அவர்களிடமும் அந்தக் கருந்திட்டில் முதல் மோட்டாரின் வேலை குறைந்திருந்தது. பூச்சிக்கொல்லியாகவும் மீன்பிடிக்கவும் பயன்பட்ட ரோட்டினோன் என்ற தாவர நஞ்சும் அதே மோட்டாரைத்தான் அடைக்கிறது. அதை நாள்தோறும் பெற்ற எலிகளுக்கு இந்நோயின் அறிகுறிகள் தோன்றியதை 2000ஆம் ஆண்டில் கண்டார்கள். குடும்பவழியாக வரும் அரிய வகையில் பழுதாகும் பார்க்கின், பிங்க்-1 என்னும் இரண்டு மரபணுக்களும், கெட்டுப்போன மைட்டோகாண்டிரியாவை அப்புறப்படுத்தும் வேலையைச் செய்பவையே.

நம் நாட்டிலும் இதற்கு உறவான ஒரு துயரக் கதை உண்டு. கேசரிப் பருப்பு கேள்விப்பட்டிருப்பீர்கள். துவரம் பருப்பில் கலப்படம் செய்வார்களே, அதுதான். மழை பொய்த்தாலும் விளையும் பயிர். மத்தியப் பிரதேசத்தின் ரீவா போன்ற பகுதிகளில் ஏழை உழைப்பாளிகள் பஞ்ச காலத்தில் மாதக்கணக்கில் அதையே உணவாகக் கொண்டார்கள். பலருக்குக் கால்கள் விறைத்து, கோலின்றி நடக்க முடியாமற் போயிற்று. இது பார்க்கின்சன் நோய் அன்று. இதில் பழுதாவது வேறு நரம்பணுக்கள். அந்தப் பருப்பிலுள்ள நச்சு அமினோ அமிலத்தை 1964ஆம் ஆண்டில் இந்திய ஆய்வாளர்களே பிரித்தெடுத்தார்கள். 1990களில் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தில் விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழுவினர் சுண்டெலியின் மூளையில் ஆராய்ந்தபோது, அந்த நஞ்சும் முதல் மோட்டாரின் வேலையைக் குறைப்பதைக் கண்டனர். நோய் வேறு, நரம்பணு வேறு, நாடு வேறு. பழுதான இடம் ஒன்று!

ஆற்றல் குறைவு ஒன்றே பார்க்கின்சன் நோயின் முழுக் காரணம் என்று அறிஞர்கள் சொல்லவில்லை. நரம்பணுவுக்குள் ஒருவகைப் புரதம் கட்டியாகச் சேர்வது போன்ற வேறு கோளாறுகளும் இருக்கின்றன. ஆனாலும் ஆற்றல் குறைவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது உறுதி. அதாவது, டப்பாவில் இருந்த சொல் பொய்யன்று. அப்படியானால் பவுடர் ஏன் பலிக்கவில்லை?

சேப்பாக்கத்து விதை

அதைச் சொல்லுமுன், தாத்தாவை நடமாட வைத்த மாத்திரையின் கதையைக் கேளுங்கள். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கத்தில் இறங்கலாம். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் 1937ஆம் ஆண்டு தாமோதரன், ராமஸ்வாமி என்ற இருவர் பூனைக்காலி விதையை ஆராய்ந்தார்கள். தொட்டால் அரிக்கும் காய் கொண்ட கொடி அது. நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுவது. அதன் விதையிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த பொருள் எல்-டோபா.

அது பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமினுக்கு வேலை உண்டு என்பதே தெரியாது. ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் 1957ஆம் ஆண்டில் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். அது நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரில் கிடைப்பது. முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடந்தன! 1960ஆம் ஆண்டில் வியன்னாவில், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அங்கு நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று தேறி, 1967ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோட்சியாஸ் அமெரிக்காவில் அதை வாய்வழி மருந்தாக நிலைநிறுத்தினார். இன்றும் முதன்மை மருந்து அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விதையிலிருந்து மாத்திரைக்கு 30 ஆண்டுகள்! 'பூனைக்காலிப் பொடியை நாமே வாங்கித் தின்றால் என்ன?' என்று இப்போது ஒரு குறும்புக்காரர் கேட்கக்கூடும். விதைக்கு விதை எல்-டோபாவின் அளவு மாறும். கூடினால் வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி, மனக்குழப்பம், குறைந்தால் பயனில்லை. அளவறிந்து கொடுப்பதற்குத்தான் அந்த 30 ஆண்டுகள்.

இந்த மாத்திரையும் மோட்டாரைப் பழுது பார்ப்பதில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாடிய நரம்பணுக்கள் சுரக்கத் தவறிய டோபமினை அது ஈடு செய்கிறது, அவ்வளவே. நரம்பணுக்கள் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் தன்னால் முடிந்ததை அது உண்மையாகச் செய்கிறது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் குளியலறை வாசலில் தாத்தா கண்டார்.

சோதித்துப் பார்த்தார்கள்

சரி, ஆற்றலையே ஊட்டிப் பார்த்தால் என்ன என்று அறிவியலாளர்கள் எண்ணவில்லையா? எண்ணினார்கள், செய்தும் பார்த்தார்கள்.

மோட்டார்களுக்கிடையே எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் ஒரு பொருள் உண்டு. கோஎன்சைம் க்யூ-10 என்று பெயர். அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயின் தொடக்க நிலையில் இருந்த 600 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம், மற்றொன்றுக்கு 2400, மூன்றாம் பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. 2014ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. பயன் இல்லை!

அடுத்து கிரியாட்டின். இது செல்லுக்குள் அவசரத் தேவைக்கு ஆற்றலைச் சேமித்து வைக்கும் பொருள். குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் போல. 1741 பேரிடம் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கிரியாட்டின், மற்றொரு பிரிவுக்குப் போலி மருந்து. போலி மருந்து உண்டவர்களைவிடக் கிரியாட்டின் உண்டவர்கள் எவ்வகையிலும் மேம்படவில்லை. 2013ஆம் ஆண்டில் சோதனையை நிறுத்தினார்கள்.

ஏன் பலிக்கவில்லை? அறிகுறி தெரியும்போதே அந்தத் திட்டில் ஏறக்குறையப் பாதி நரம்பணுக்கள் போய்விட்டிருக்கும் என்பது ஒரு காரணமாகலாம். வாயில் போட்டது வேண்டிய அளவில் அந்தச் செல்லைச் சென்றடையாதது மற்றொன்றாகலாம். எப்படியானாலும் ஒன்று தெளிவு. மோட்டார் பழுதாகிக் கிடக்கும்போது சம்ப்பில் லாரி லாரியாகத் தண்ணீர் ஊற்றினால் மேல்தொட்டி நிரம்புமா? குளுக்கோஸையும் சத்து மாவையும் 'செல்லுக்குச் சக்தி' என்று விற்பது இந்த வேலைதான்.

தோற்றுப்போன சோதனைகளை வெட்கப்படாமல் அச்சிட்டு வெளியிடுவதுதான் அறிவியலின் பெருமை என்பேன். பவுடர் விற்பவர் எந்தத் தோல்வியையும் அச்சிடுவதில்லை.

நான் உங்களிடம் கேட்பது

உங்கள் வீட்டில் நீங்கள்தாம் அறிவியல் படித்தவர்கள். டப்பாவைத் திருப்பி, 'இது சரியா பார்' என்று பெரியவர்கள் உங்களிடம்தான் நீட்டுவார்கள். பாடத்தில் உள்ள சொல் டப்பாவில் இருக்கிறது என்பதற்காகத் தலையசைத்துவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? எவ்வளவு காலம் பார்த்தார்கள்? விடை இல்லையென்றால் டப்பா கடைக்கே திரும்பட்டும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை மட்டும் ஒருநாளும் நிறுத்தவிடாதீர்கள்.

இன்னொன்று. எழுத்து சிறுத்தால், கை வீசாமல் நடந்தால், கை நடுங்கினால் 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்காதீர்கள். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் நோய் அன்று. எது என்ன என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். காப்பி சிந்தினால் சிரிக்காதீர்கள். அது குடியும் அன்று, பயமும் அன்று. தலைக்குள் சில லட்சம் செல்கள் ஆற்றலுக்குத் தவிக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், சிரிப்பு வராது. அவர்களைத் தனியே விடாமல் கைபிடித்து நடக்க அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் செய்யும் உடற்பயிற்சி நடையையும் நிலைதடுமாற்றத்தையும் சீராக்க உதவுகிறது என்பது சோதித்து அறிந்த உண்மை. அதற்குக் காசும் வேண்டாம்.

பழுதான மோட்டாரைச் சரிசெய்யும் மருந்து என்றாவது வரலாம். வேளச்சேரிக்கு அடுத்தே இருக்கும் ஐ.ஐ.டி.யில் 2022ஆம் ஆண்டில் தொடங்கிய மூளை ஆய்வு மையத்தில் மனித மூளையைச் செல் செல்லாகப் படமெடுக்கிறார்கள். பெங்களூர் நிமான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி ஒன்று இயங்குகிறது. நாளை அங்கே வேலை பார்க்கப் போகிறவர் இன்று இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களாகவும் இருக்கலாம்.

வாத்தியார் தாத்தா இப்போது எப்படி இருக்கிறார் என்கிறீர்களா? மணிக்கட்டு கூடிவிட்டது. மாத்திரை வேளை தவறாமல் நடக்கிறது. பேத்திதான் சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறாள். நான்கு கோடு போட்ட நோட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கோட்டைப் பார்த்து எழுதினால் எழுத்து சிறுக்காது என்று சிகிச்சை அளிப்பவர்கள் சொன்னார்களாம். மாலையில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல், மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொட்டு 'அ' எழுதுகிறார். டப்பா அலமாரியின் மேல் கிடக்கிறது. அதை எறிய வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாளாம்!